அரக்குப் புடவையும் 256 வரி வாய்ப்பாடும்

டிஸ்கி: இது பாதி குடும்பக் கதை, பாதி டெக்னிக்கல் சமாச்சாரம். டெக்னிக்கல் பாதியில் கொட்டாவி வந்தால் அடுத்த நட்சத்திரக் குறிக்குத் தாவிவிடுங்கள். கோச்சுக்க மாட்டேன் :-)

போன ஆவணியில் அத்தை வீட்டுக்கு ஒரு கூரியர் பார்சல் திரும்பி வந்தது.

அத்தை வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். மாமா தறி நெய்கிறார். கூலிக்கு நெய்வது போக, வருஷத்துக்கு ஒரு தடவை கையில் காசு சேர்ந்தால் சொந்தப் பாவு போடுவார். அதில் வரும் புடவைகளை அத்தை வாட்ஸப்பில் விற்பார். போட்டோ எடுத்து, லேப்டாப்பில் போட்டு, கலர் சரி பண்ணிக் கொடுக்கிற வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது. காபியும் முறுக்கும் உண்டு.

திரும்பி வந்தது அரக்குக் கலர் உடம்பு, மயில்பச்சை பார்டர் போட்ட கோர்வைப் புடவை. மாமாவுக்குப் பதினாறு நாள் வேலை. கூடவே அத்தையின் ஃபோனில் ஒரு மெசேஜ்:

"அக்கா, நாங்க மிளகாப்பழச் சிவப்புன்னு நெனச்சுதான் எடுத்தோம். நிச்சயதார்த்தத்துக்கு. கையில வந்தப்புறம் பாத்தா ரொம்ப டல்லா இருக்கு. போட்டோவுல இப்படி இல்லையே. தப்பா எடுத்துக்காதீங்க."

அத்தை தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். "அரக்குன்னு எழுதித்தானேடா அனுப்பினோம்? வேற எங்கயோ நல்லதாப் பாத்துட்டா, அதான் கலரு சரியில்லன்னு கதை வுடுறா" என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. புடவையை எடுத்து, மடிப்பு கலையாமல் பீரோவில் வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

நானும் அத்தையோடு சேர்ந்து தலையாட்டினேன். அரக்கையும் சிவப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆளெல்லாம் பட்டு வாங்க வந்துவிட்டார்கள் என்று நினைப்பு.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது, அத்தை அனுப்பிய அதே போட்டோவை என் ஃபோனில் திறந்து பார்த்தேன்.

மிளகாய்ப்பழச் சிவப்பு. சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் திறந்தேன். அரக்கு.

ஒரே ஃபைல். ஒரே எண்கள். இரண்டு புடவை. வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்றால் அந்தப் போட்டோவை அழகு பண்ணின அன்று என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருந்தது. புடவையை மடியில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பில் தெரிவது மடியில் இருப்பது மாதிரி வரும்வரை சிவப்பை ஏற்றினேன், மஞ்சளை ஏற்றினேன், கடைசியில் கொஞ்சம் பளபளப்பும் ஏற்றினேன். மடியும் திரையும் ஒத்துப்போனதும் 'ஆஹா' என்று சேமித்து அனுப்பினேன்.

அந்தத் திரை சரியா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

*

எங்கள் டிபார்ட்மெண்ட் லேபில் ஒரு கலரிமீட்டர் இருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவில், வாலில் யூஎஸ்பி வயர் வைத்த ஒரு சாதனம். வயரோடு திரையின் மேல் தொங்கவிட வேண்டும். மென்பொருள் திரையில் ஒரு கலர் கட்டத்தைக் காட்டும். கருவி அதை அளக்கும். அடுத்த கட்டம், அடுத்த அளவு. இப்படி நூற்றுக்கணக்கில். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கிரேம் கில் எழுதிய ஆர்கில் என்ற நிரல்தொகுப்பு, அதன் மேல் பொத்தான்கள் வைத்து நம்மைப் போன்றவர்களுக்கு எளிதாக்கிய டிஸ்ப்ளேகால்.

லேப் அண்ணனிடம் கெஞ்சி ஒரு ராத்திரிக்கு வாங்கி வந்தேன். திரையை அரைமணி நேரம் சூடாக விட்டு (இது முக்கியம், போட்டவுடன் அளந்தால் வெளிச்சம் நிலைத்திருக்காது), அறை விளக்கை அணைத்து, கருவியைத் தொங்கவிட்டேன். முக்கால் மணி நேரம் திரை கலர் கலராக மாறிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு ஈசிஜி எடுக்கிறியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான்.

ரிப்போர்ட் வந்தது. என் திரைக்கு உடம்பு சரியில்லை.

முதல் வியாதி: வெள்ளை வெள்ளையாக இல்லை. இணையத்துப் படங்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமாக ஆனது. அதன்படி வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்தை ஒட்டிய வெள்ளை. என் திரையில் 7600. ஊதாநீலம் பூசிய வெள்ளை. சொட்டுநீலம் கொஞ்சம் ஜாஸ்தியாகிப்போன வேட்டி மாதிரி.

இரண்டாவது வியாதி: சிவப்பு சாகையாக இருந்தது. விலை குறைந்த லேப்டாப் திரைகளில் பல, எஸ்ஆர்ஜிபி-யின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. அதிலும் அடி வாங்குவது சிவப்பு. கேட்டால் ஆரஞ்சு கலந்த ஒரு சோகையான சிவப்பைத்தான் தரும்.

இப்போது கதை புரிந்தது. நீலம் ஓடிய, சிவப்பு செத்த திரையில் அரக்கு எப்படித் தெரியும்? வாடிய கத்தரிப்பூ மாதிரி. அதைச் சரிசெய்கிறேன் என்று நான் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினேன். என் திரையின் குறையைப் போட்டோவுக்குள் எதிர்மறையாகப் பதித்துவிட்டேன். அந்தப் போட்டோ, சிவப்பைத் தூக்கலாகக் காட்டுகிற ஒரு நல்ல ஃபோனுக்குப் போனது. அங்கே மிளகாய்ப்பழம்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது என் லேப்டாப். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டது நான்.

*

சரி, இதை எப்படிச் சரிசெய்வது? இங்கேதான் லுக்அப் டேபிள் வருகிறது. பெயர்தான் பெரிசு. விஷயம் நம் வாய்ப்பாடுதான்.

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் யாரும் எட்டை ஏழு தடவை கூட்டிப் பார்ப்பதில்லை. ஐம்பத்தாறு என்று வாயில் வருகிறது. முன்பே கணக்குப் போட்டு, பட்டியலாக எழுதி, மனசில் ஏற்றியாகிவிட்டது. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடி என்று இதற்கே தனிச் சுவடி இருந்தது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இவற்றின் பெருக்கல்களையெல்லாம் பிள்ளைகள் உருப்போட்டார்கள். கணக்கு நேரத்தில் யோசிக்கக் கூடாது, எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் அதே பிரச்சினை. திரையில் இருபது லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 60 தடவை 'இந்தத் திரையில் நீலம் இவ்வளவு ஜாஸ்தி, ஆகவே இவ்வளவு குறை' என்று அடியிலிருந்து கணக்குப் போடுவது வீண் வேலை. அதனால் ஒரே ஒருமுறை போட்டு, பட்டியலாக எழுதி, கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிடுகிறோம். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தலா 256 வரி. 0 முதல் 255 வரை எந்த எண் வந்தாலும், அந்த வரியில் எழுதியிருக்கிற எண்ணைத் திரைக்கு அனுப்பு. அவ்வளவுதான்.

என் லேப்டாப்பின் பட்டியலில் மூன்று வரி மட்டும்:

கேட்டது 255: சிவப்பு 255, பச்சை 243, நீலம் 226
கேட்டது 128: சிவப்பு 128, பச்சை 121, நீலம் 114
கேட்டது 0: சிவப்பு 0, பச்சை 0, நீலம் 0

நீலத்தைப் பாருங்கள். முழு நீலம் கேட்டால் 226-தான் கொடு என்கிறது. இல்லாததைச் சேர்க்க முடியாது என்பதால், அதிகமாக இருப்பதைக் குறைத்து வெள்ளையை வெள்ளையாக்குகிறது. ஏற்றியதும் திரை ஒரு மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. 'கெட்டுப்போச்சோ' என்று பயந்தேன். பத்து நிமிஷத்தில் கண் பழகிவிட்டது. பிறகு பட்டியலைக் கழற்றிப் பார்த்தால் பழைய வெள்ளை ஐஸ்கட்டி மாதிரி நீலமாக இருந்தது. இத்தனை நாள் அதைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கு விலை உண்டு. ஒன்று, வெளிச்சம் போனது. 210 நிட் இருந்தது 191 ஆனது. இன்னொன்று, படிகள் போயின. 0 முதல் 255 வரை 256 படிகள் இருந்த நீலம் இப்போது 0 முதல் 226 வரை 227 படிகளுக்குள் அடங்க வேண்டும். 29 படிகள் பக்கத்துப் படியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குப் பின்னால் நான் எடுத்த ஒரு மாலை வானம் இருக்கிறது. முன்பு வழவழவென்று இறங்கிய நீலம், இப்போது உற்றுப் பார்த்தால் கோடு கோடாக இறங்குகிறது. பட்டியலுக்குள் எண்களை நுணுக்கமாக எழுதிவைக்கலாம். ஆனால் கடைசியில் திரைக்குப் போகும் வழி எட்டு பிட்தான் என்றால் இந்தக் கோடுகள் வரத்தான் செய்யும்.

*

ஒற்றை வரிசைப் பட்டியலுக்கு இன்னொரு குறையும் உண்டு. நீலத்தின் பட்டியலுக்குச் சிவப்பு என்ன செய்கிறது என்று தெரியாது. மூன்று பேரும் தனித்தனி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு சரியாகிவிடும். ஆனால் சிவப்பின் குணமே ஆரஞ்சு என்றால், அதைக் குறைக்கலாம், கூட்டலாம், குணத்தை மாற்ற முடியாது. அதற்குக் கொஞ்சம் நீலத்தைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பது சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மூவரும் ஒரே ரூமுக்கு வர வேண்டும்.

ஒழுங்கான திரைக்கு இதற்கு ஒன்பது எண்கள் போதும். ஒரு சின்ன அணிப் பெருக்கல், பன்னிரண்டாம் வகுப்பில் போட்டதுதான். ஒழுங்கில்லாத திரைக்கு மூன்று பரிமாணப் பட்டியல் தேவைப்படும். 'சிவப்பு 110, பச்சை 30, நீலம் 42 என்று கேட்டால் என்ன கொடுப்பது' என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பதில். மொத்தச் சேர்க்கைகள் 256 பெருக்கல் 256 பெருக்கல் 256. அதாவது 1,67,77,216 வரிகள். வரிக்கு மூன்று பைட் வைத்தாலே 50 எம்பி. சேமிப்பது கிடக்கட்டும், அத்தனை கட்டங்களை அளப்பது யார்?

அதனால் குறுக்கு வழி. பக்கத்துக்கு 33 புள்ளி மட்டும் வைத்து ஒரு கனசதுரம். 33 பெருக்கல் 33 பெருக்கல் 33 என்றால் 35,937 வரிகள். நடுவில் விழுகிற கலருக்கு, சுற்றியுள்ள மூலைகளின் பதில்களை எடுத்துத் தூரத்துக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அந்த 35,937-ஐயும்கூட யாரும் நேரில் அளப்பதில்லை. சில நூறு கட்டங்களை அளந்து, மீதியை அவற்றிலிருந்து ஊகிக்கிறார்கள். சினிமாக்காரர்களின் கலர் வேலையெல்லாம் பல வருஷமாக இந்தக் கனசதுரத்தில்தான் ஓடுகிறது. பிரிண்ட் போட்டால் தியேட்டரில் எப்படித் தெரியும் என்பதை மானிட்டரிலேயே காட்டிக்கொள்ள அவர்களுக்கு இது வேண்டியிருந்தது.

அப்படி ஒரு பட்டியல் என் லேப்டாப்புக்கும் செய்தேன். மறுபடி அளந்தேன். கேட்ட நிறத்துக்கும் கிடைத்த நிறத்துக்கும் உள்ள தூரத்தை டெல்டா ஈ என்று ஓர் எண்ணால் சொல்வார்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. என் திரையில் சராசரி 8.4 இருந்தது 1.6 ஆனது. அரக்கு, திரை எட்டக்கூடிய எல்லைக்குள்தான் விழுந்தது, ஓரத்தில். பழைய போட்டோவைத் திறந்தேன். லேப்டாப்பிலும் அது இப்போது சிவப்பாகத்தான் தெரிந்தது. அந்த அக்கா பார்த்த அளவு பளீர் இல்லை, ஆனால் அரக்கு இல்லை என்று சொல்லப் போதுமான சிவப்பு.

நிஜ மிளகாய்ப்பழச் சிவப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. எந்தப் பட்டியலாலும் வராது. திரையிடம் அந்தச் சிவப்பு இல்லை.

*

இதைப் போய் அத்தையிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அந்த அக்காவுக்குத் திட்டு விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சொன்னதும் அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தானா?" என்று மட்டும் கேட்டார். மாமாதான், "நாளைக்குச் சாயப்பட்டறைக்குப் போறேன், நீயும் வாடா" என்றார்.

சாயக்காரத் தாத்தாவிடம் ஒரு நோட்டு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பட்டு நூல் துண்டு ஒட்டி, பக்கத்தில் எந்தச் சாயம் எவ்வளவு என்று பென்சிலில் எழுதியிருக்கும். வெங்காயத்தோல், மாந்துளிர், மயில்கழுத்து, ராமர் பச்சை எல்லாம் அதில் உண்டு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நிறம் வேண்டுமா, இந்த வரியைப் பார். இரண்டு பக்கத்துக்கு நடுவில் ஒரு நிறம் வேண்டுமா, இதில் பாதி அதில் பாதி. என் கனசதுரம் செய்கிற அதே வேலை.

அன்று அரக்குதான் காய்ச்சிக்கொண்டிருந்தார். கழியில் மாட்டிய பட்டுச் சிட்டத்தைக் கொதிக்கிற தண்ணீரில் திருப்பித் திருப்பிப் போட்டு, ஓர் ஓரத்தைத் தூக்கிப் பிழிந்தார். ஈரத்தில் அது அப்படி ஒரு ஆழமான நிறம். "சூப்பரா இருக்கு தாத்தா" என்றேன்.

"ஈரத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும் தம்பி. காஞ்சா ரெண்டு படி எறங்கும்" என்றார். "நான் பாக்குறது இதை இல்ல. காஞ்சா என்ன ஆகும்ங்கிறதை."

ஒரு சின்ன இழையைத் தனியாகப் பிழிந்து, துணியில் அழுத்தி, ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒத்துப்போகிற இரண்டு நூல், வாசலில் ஒத்துப்போகாமல் நிற்கும் என்பது அவருக்கு அனுபவம். பாடப்புத்தகத்தில் மெட்டாமெரிசம்.

நோட்டைக் காட்டி, "இதைப் பாத்தே போட்டுடலாமே?" என்று கேட்டேன்.

"அது போட்ட அன்னிக்குச் சரி. தண்ணி மாறுது, சாயப்பொடி லாட்டுக்கு லாட்டு மாறுது, பட்டும் மாறுது. நோட்டு ஆரம்பிச்சு வைக்கும். முடிச்சு வைக்கிறது வாசல் வெளிச்சம்."

என் பட்டியலுக்கும் இதேதான். திரையின் பின்விளக்கு நாளாக ஆக மங்கும், மஞ்சளாகும். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அள என்கிறார்கள். லுக்அப் டேபிள் என்பது நிறத்துக்கு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு குறிப்புதான். இந்தத் திரை, இந்தத் தேதியில், இவ்வளவு தப்பு சொல்கிறது என்ற குறிப்பு. தப்பின் அளவு தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். தாத்தா தன் கண்ணிலிருந்தே ஈரத்தைக் கழித்துக்கொள்கிற மாதிரி.

*

என் திரை சரியாகிவிட்டது. வாங்குகிறவர் ஃபோன்? அதன் மேல் போய் நான் கலரிமீட்டரைத் தொங்கவிட முடியாது. அவர் ஃபோனில் 'விவிட்' போட்டிருப்பார், ராத்திரியில் மஞ்சள் வடிகட்டி ஓடும், வெயிலில் நின்று பார்ப்பார்.

போதாததற்குப் பட்டே ஒரு வில்லங்கம். மயில்கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. எந்த எண்ணைப் பட்டியலில் எழுதுவது? ஜரிகை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். திரையில் அது மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு பட்டைதான். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பெயர் வாங்கிய 'எம்.எஸ். ப்ளூ'வையே பாருங்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காகச் செய்த நிறம் என்பார்கள். இன்று பத்துக் கடையில் கேட்டால் பத்து நீலம் எடுத்துப் போடுவார்கள். பத்தும் எம்.எஸ். ப்ளூதான் என்பார்கள்.

கோர்வை இன்னொரு சிக்கல். பச்சை பார்டருக்குப் பக்கத்தில் அரக்கு இன்னும் சிவப்பாகத் தெரியும். பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளுக்க வைத்தன. அதை ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். 'கலரு சரியில்ல' என்ற புகாருக்கு இரண்டு நூற்றாண்டு வயது. அன்றும் புகார் சொன்னவர் பொய் சொல்லவில்லை, சாயக்காரரும் தப்பு செய்யவில்லை.

ஆக, என்னதான் செய்வது? நாங்கள் மூன்று காரியம் செய்கிறோம்.

ஒன்று, போட்டோ காலை ஒன்பது மணிக்கு, வாசல் திண்ணையில், நிழலில். ட்யூப் லைட்டு கிடையாது, ஃபிளாஷ் கிடையாது.

இரண்டு, புடவைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அதில் ஒரு வெற்றிலை, கொஞ்சம் குங்குமம், ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு முழம் மல்லிகை. பார்க்கிறவர்கள் ஏதோ மங்களகரமாக வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அது கலர் சார்ட்! போட்டோக்காரர்களிடம் 1976-ல் வந்த மெக்பெத் கலர் செக்கர் என்று 24 கட்டம் போட்ட அட்டை உண்டு. அதிலும் மனிதத் தோல், இலை, வானம் என்று எல்லோரும் பார்த்துப் பழகிய நிறங்களைத்தான் சில கட்டங்களில் வைத்தார்கள். வெற்றிலையின் பச்சை ஒவ்வொருவர் மனசிலும் ஏற்கனவே எழுதியிருக்கிறது. அவர் ஃபோனில் குங்குமம் எரிகிற மாதிரி தெரிந்தால், புடவையும் அந்த அளவுக்கு எரிகிறது என்று அவரே கழித்துக்கொள்ளலாம். பட்டியல் அவரிடமே இருக்கிறது.

மூன்று, காசு வாங்குவதற்கு முன்னால் அதே சாயத்தில் மிஞ்சிய நூலில் ஒரு விரற்கடை வெட்டிச் சாதாரணத் தபால் கவரில் போட்டு அனுப்பிவிடுகிறோம். "பகல் வெளிச்சத்துல பாருங்க" என்று ஒரு வரி, அத்தையின் கையெழுத்தில். இது கொஞ்சம் மெதுவான டெக்னாலஜி, ஆனால் டெல்டா ஈ பூஜ்யம்.

அந்த அக்காவுக்கு அத்தையே ஃபோன் பண்ணினார். "தப்பு எங்க பக்கந்தாம்மா, போட்டோ சரியா அமையல" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. பணம் முழுக்கத் திருப்பியாகிவிட்டது. அதற்கு அந்த மாதம் மாமா வாங்கியிருந்த கடன், தைக்குத்தான் அடைந்தது.

அரக்குப் புடவை விற்கவில்லை. பொங்கலுக்கு அத்தை அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஒரு போட்டோ எடுடா" என்றார். எடுத்தேன். இந்த முறை கலரில் கை வைக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

அத்தை ஃபோனில் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கொஞ்சம் டல்லா இருக்கு இல்ல?" என்றார்.

பி.கு: நிறம் பார்த்து ஏதாவது ஆன்லைனில் வாங்குவதற்கு முன், ஒரு வெற்றிலையைப் போட்டோ எடுத்து அதே ஃபோனில், நிஜ வெற்றிலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஃபோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். வெற்றிலை ஐந்து ரூபாய். புடவை அப்படியில்லை.